இரண்டாவது சாவி

2008ஆம் ஆண்டு அக்டோபர் எட்டாம் திகதி, புதன்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்கு எழுந்தேன். நவராத்திரியின் கடைசி நாள் என்பதால் மனைவி மரக்கறி வைத்து சாண்ட்விச் கட்டித் தந்தாள். ஆறு ஐம்பத்திரண்டுக்கு தென் லண்டனில் நாங்கள் குடியிருந்த மிச்சம் என்ற இடத்தில் ட்ராம் ஏறி, ஏழரைக்கு முன்னரே குரோய்டன் அலுவலகத்தில் என் மேசைக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு மூன்று வீடுகளுக்குப் போகவேண்டியிருந்தது. ஒன்று புதிய விண்ணப்பம், மற்ற இரண்டும் புதுப்பித்தல்கள். மூன்று கோப்புகளையும் போகும் வரிசையில் அடுக்கினேன். பையில் இரண்டு பேனை, ஒரு சிறிய டோர்ச், ஒரு பூதக்கண்ணாடி இருக்கின்றனவா என்று பார்த்தேன். டோர்ச்சும் கண்ணாடியும் துப்பாக்கியின் இரும்பில் பொறித்த இலக்கத்தை வாசிப்பதற்கு. எட்டரைக்கு அலுவலகக் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

பதினொரு ஆண்டுகள் இதுதான் என் வேலையாக இருந்தது. லண்டனின் தென்பகுதியில், துப்பாக்கி உரிமம் கேட்பவர்களின் வீடுகளுக்குச் சென்று, ஆளையும் ஆயுதத்தையும் அது பூட்டப்பட்டிருக்கும் பெட்டியையும் பார்த்து அறிக்கை எழுதுவது. நான் பொலிஸ்காரன் அல்ல, சீருடையும் கிடையாது. காவல்துறையில் சிவில் ஊழியன். 2008க்குப் பின்னும் சில ஆண்டுகள் வேலைசெய்து, இந்த ஆண்டு மார்ச்சில் ஓய்வுபெற்றேன். புதுப்பித்தலுக்கு இனி வீடு தேடிப் போகத் தேவையில்லை, கடிதத்தில் கேள்விகளை அனுப்பிப் பதில் வாங்கினால் போதும் என்று அலுவலகத்தில் பேச்சு நடப்பதாகப் பழைய நண்பர் ஒருவர் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து அந்தப் புதன்கிழமையின் நாட்குறிப்பை நாலைந்து தடவை எடுத்து வாசித்துவிட்டேன். சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி கேட்டே இதை எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் வேலையைப் பற்றிக் கொஞ்சம். மிச்சம் பகுதியில் இருக்கும் நம்மவர்களுக்கு நான் ஒரு வேடிக்கைப் பொருள். "துவக்குக்குப் பயந்து கப்பல் ஏறின ஆள், இஞ்ச வந்து வெள்ளைக்காரனுக்குத் துவக்குக் குடுக்கிறார்" என்று கோயிலில் ஒருவர் என் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். சொன்னதில் பொய் இல்லை. இலங்கையில், எங்கள் ஊரில், துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருந்தவர்கள் யாரும் எங்களிடம் அனுமதி கேட்டதில்லை. இங்கே அதை வைத்திருக்க விரும்புகிறவர் ஒரு படிவம் நிரப்பி, படம் ஒட்டி, என்னைப் போன்ற ஒருவன் தன் படுக்கையறை அலுமாரியைத் திறந்து பார்க்கச் சம்மதிக்கிறார். அந்த வித்தியாசம்தான் என்னை இந்த வேலையில் இருத்தி வைத்தது.

கைத்துப்பாக்கி தனியாருக்கு இங்கே தடை. ரைபிள் வேண்டுமென்றால், ஏன் வேண்டும் என்று கேட்பவர் நிரூபிக்கவேண்டும். ஆனால் வானில் எறியும் களிமண் தட்டைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கும் பறவை வேட்டைக்கும் பாவிக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கிக்கு நிலைமை வேறு. அதை மறுப்பதென்றால் ஏன் மறுக்கிறோம் என்று நாங்கள்தான் காரணம் காட்டவேண்டும். மறுத்தால் கேட்டவர் நீதிமன்றம் போகலாம். பயிற்சி ஆறு வாரம். அதில் எனக்குப் பிடிபட அதிக நாள் எடுத்தது இந்த ஒரு விசயம்தான்: நாங்கள் தயவு செய்வதில்லை. அவருக்குச் சேரவேண்டியதை, அவர் கையில் அது பத்திரமாக இருக்குமா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கிறோம்.

இதைக் கற்பித்தவர் எங்கள் பிரிவுத் தலைவர் கீட்டிங். முன்னாள் சார்ஜன்ட். உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். ஒரு வீட்டுக்குள் போனால், வீட்டுக்காரர் இருக்கச் சொல்லும்வரை நிற்பார். தேநீர் கொடுத்தால் குடித்து முடிப்பார். துப்பாக்கியைத் தானாக எடுக்கமாட்டார். உரிமையாளரே எடுத்து, குழலை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டவேண்டும். "அவர் அதை எடுக்கும் விதத்தைப் பார். படிவத்தில் அதற்கு இடம் இல்லை, ஆனால் பார்" என்பார். இலக்கத்தை உரிமப் பத்திரத்தைப் பார்த்து வாசிக்கக்கூடாது. நாங்கள் இரும்பைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக உரக்க வாசிக்க, உரிமையாளர் பத்திரத்தில் விரல் வைத்துச் சரிபார்க்கவேண்டும். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்க்கவேண்டும். சுவரில் இறுக்கியிருந்தால் அசையாது. கடைசியில் சாவி. எத்தனை, எங்கே, வேறு யாருக்குத் தெரியும். உரிமையாளரைத் தவிர மனைவிக்குக்கூடத் தெரியக்கூடாது. இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு கீட்டிங் சும்மா நிற்பார். மனதுக்குள் பத்து வரை எண்ணுவாராம். பதில் முதல் வசனத்தில் வராது, இரண்டாவதில்தான் வரும் என்பது அவர் அனுபவம்.

மறுப்பது எனக்குச் சுலபமாக இருந்ததில்லை. மிச்சம் பகுதியில் கடை வைத்திருந்த ஒருவர், நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று நான்கு ஆண்டுகளில், ட்ராம் தரிப்பில் என்னைப் பிடித்தார். அதற்கு முந்திய வாரம் கத்தியோடு இருவர் அவர் கடைக்குள் புகுந்திருந்தார்கள்.

"அண்ணை, எனக்கு ஒரு துவக்கு வேணும். என்ன போம் நிரப்பவேணும் எண்டு சொல்லுங்கோ."

"என்னத்துக்கு?"

"என்னத்துக்கோ? அடுத்த முறை வந்தால் பட்டாசு கொளுத்தவே? என்ர உயிரைக் காப்பாத்த."

"அது இஞ்ச காரணமில்லை தம்பி. பாதுகாப்புக்கு எண்டு கேட்டால் தரமாட்டினம்."

"அப்ப களிமண் தட்டு உடைக்கத் தருவினம், நான் உயிரோட இருக்கத் தரமாட்டினம். அப்பிடித்தானே?"

"ஓம். அப்பிடித்தான்."

"நல்ல சட்டம் அண்ணை. உங்களுக்குச் சம்பளம் தாற சட்டம்." அவர் போய்விட்டார். பிறகு இரண்டு ஆண்டுகள் என்னோடு பேசவில்லை. அவர் கடையில் துவக்கு இருந்திருந்தால் அந்த இருவரும் கத்தியோடு வந்திருக்கமாட்டார்கள், துவக்கோடு வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும். ஆனால் அது கல்லாவுக்கு இந்தப்பக்கம் நிற்பவனின் தர்க்கம்.

இனி அந்தப் புதன்கிழமை. முதல் வீடு பத்தேகாலுக்கு முடிந்தது. பதினொரு மணிக்குச் சட்டன் என்ற பகுதியில் டொக்டர் கதிரேசன் வீட்டுக்குப் போனேன். மதுரைப் பக்கத்துக்காரர், மயக்க மருந்து நிபுணர், வயது ஐம்பத்திரண்டு. கல்லூரி நாட்களில் சுட்டுப் பழகியவர், இங்கே ஒரு சங்கத்தில் களிமண் தட்டுச் சுடுவார். இரண்டு துப்பாக்கிகள். ஐந்து ஆண்டுக்கு முன் அவருக்கு உரிமம் சிபாரிசு செய்தவன் நான்தான். மகள் வெளியூரில் படிக்க, வீட்டில் அவரும் மனைவி வசந்தியும் மட்டும்.

டொக்டர்தான் கதவைத் திறந்தார். முகம் சவரம் செய்யப்படவில்லை. வீட்டில் கடலைச் சுண்டல் மணந்தது. முன்னறையில் ஆயுத பூசை முடிந்திருந்தது. பலகையில் சரஸ்வதி படம், அதன் முன்னால் புத்தகங்கள், அவருடைய ஸ்டெதஸ்கோப், மடிக்கணினி, தையல் மெசின், சமையலறைக் கத்தி, திருகாணிப் பெட்டி. ஒரு பித்தளைத் தட்டில் கார்ச் சாவி, வீட்டுச் சாவிகளோடு நீண்ட கழுத்துள்ள ஒரு சாவி. எல்லாவற்றிலும் சந்தனமும் குங்குமமும். அந்த நீண்ட சாவி துப்பாக்கிப் பெட்டியினுடையது என்று பார்த்தவுடன் தெரிந்துகொண்டேன்.

"மன்னிச்சிடுங்க சார்," என்றார் டொக்டர். "நீங்க இன்னைக்கு வர்றீங்கன்னு தெரியும். இவ சாவியையும் தூக்கி பூஜைல வச்சுட்டா."

"வச்சதுதான் வச்சாச்சே," என்றார் வசந்தி. "நாளைக்குக் காலைல புனர்பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். சாருக்குத் தெரியாதா? நீங்களும் தமிழ்தானே?"

"தெரியும் அம்மா. எங்கட வீட்டிலயும் உப்பிடித்தான். புத்தகத்தைத் தொடக்கூடாது எண்டு சொல்ற ஒரே நாள். வருசம் முழுக்க அந்த நாளுக்குத்தான் காத்திருப்பம்."

வசந்தி சிரித்தார். டொக்டரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. நான் மேலே போய்ப் பெட்டியைப் பார்த்தேன். பூட்டியிருந்தது. இரண்டு கையாலும் ஆட்டினேன், அசையவில்லை. அடுத்த நாள் காலை ஒன்பதரைக்கு வந்து இலக்கங்களைப் பார்ப்பதாகச் சொன்னேன். வசந்தி சுண்டலைக் கடதாசித் தட்டில் தந்தார். டொக்டர் சாப்பிடவில்லை. வாசலில் வசந்தி என்னிடம், "கண்டிப்பா வருவீங்கல்ல சார்? முடிஞ்சா இன்னும் சீக்கிரமாவே வந்துடுங்க" என்றார். ஒன்பதரையை ஒன்பது ஆக்கினேன்.

பதினொரு ஆண்டில், துப்பாக்கியைப் பார்க்காமல் நான் திரும்பிய ஒரே வீடு அதுதான். சாவி முன்னறையில், வருவோர் போவோர் பார்க்கும்படி கிடந்ததே தவறு. என் இடத்தில் எந்த ஆங்கிலேயச் சக ஊழியர் போயிருந்தாலும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அந்தச் சாவியை எடுக்கச் சொல்லியிருப்பார். எனக்கு வாய் வரவில்லை. பூசையில் வைத்ததை எடுக்கச் சொல்வது, சாமி கும்பிடுகிறவரை இடையில் எழுப்புவதுபோல இருந்தது. அந்தக் கூச்சத்தில் சாவியைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டேன்.

மூன்றாவது வீட்டை முடித்துக்கொண்டு மூன்றரைக்கு அலுவலகம் திரும்பினேன். படிவங்களை நிரப்பினேன். சட்டன் வீட்டுப் படிவத்தில் "சாவிகளின் எண்ணிக்கை" என்ற இடத்துக்கு வந்தபோது மணி நாலு பத்து. 'ஒன்று' என்று எழுதினேன். எழுதிய பின், பழக்கத்தில், பழைய அறிக்கையோடு ஒப்பிட்டேன். என் கையெழுத்தில் இப்படி இருந்தது: சாவிகள் இரண்டு. இரண்டும் உரிமையாளரிடம்.

நாட்குறிப்பை எடுத்தேன். சவரம் செய்யாத முகம், சாப்பிடாத சுண்டல், தாமதமாக வந்த சிரிப்பு, சீக்கிரம் வரச் சொன்ன மனைவி. எல்லாவற்றையும் நேரத்தோடு குறித்து வைத்திருந்தேன். ஒன்றையும் யோசிக்கவில்லை.

கீட்டிங்கின் அறைக்குப் போய்ப் படிவத்தை அவர் முன் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். பூசை என்றால் என்ன என்றும் சொல்லவேண்டியிருந்தது. அவர் இடைமறிக்காமல் கேட்டார்.

"இரண்டாவது சாவி எங்கே என்று அவர் சொன்னாரா?"

"இல்லை."

"நீ கேட்டாயா?"

"இல்லை."

அவர் என்னை ஏசவில்லை. எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். "காரை யார் ஓட்டுவது, நீயா நானா?" என்றார். பிறகு அவரே கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார்.

வேலை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் நேரம். சட்டன் போய்ச் சேர ஐந்து மணியாகிவிட்டது. வழியில் அவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இதை நீ உன் மொழியில் கேள். நான் பக்கத்தில் நிற்கிறேன்."

வசந்தி கதவைத் திறந்தார். என்னையும், எனக்குப் பின்னால் நின்ற உயரமான வெள்ளைக்காரரையும் பார்த்துவிட்டு வழிவிட்டார். டொக்டர் முன்னறைக் கதிரையில், விளக்குப் போடாமல் இருந்தார்.

"டொக்டர், காலையில கேக்க மறந்துபோனன். அந்தப் பெட்டிக்கு இரண்டு சாவி. மற்றது எங்க?"

"ரெண்டாவது சாவியா?" என்றார் வசந்தி. அவர் குரல் மாறிவிட்டது. "ஒண்ணுதான்னு சொன்னீங்களே. என்னங்க, ஒண்ணுதானே?"

நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். ஏழு வரை வந்தபோது டொக்டரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. பணப்பையை எடுத்து, அதன் உள்மடிப்பிலிருந்து நீண்ட கழுத்துள்ள சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். அது சூடாக இருந்தது.

"காலைலயே நீங்க கேப்பீங்கன்னு நெனச்சேன் சார்," என்றார். "கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேன். நானா எடுத்துக் குடுக்க முடியல."

கீட்டிங்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவர் என்னிடம் மொழிபெயர்ப்புக் கேட்கவில்லை. டொக்டரிடம் ஆங்கிலத்தில், "மேலே போகலாமா? இன்றைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன், உங்களுக்கு ஆட்சேபனை இல்லையென்றால்" என்றார். உரிமையாளர்தான் எடுக்கவேண்டும் என்ற தன் விதியை அவர் மீறியதை அன்று ஒருமுறைதான் பார்த்தேன். டொக்டர் தலையாட்டினார். கீட்டிங் என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொள்ள, இருவரும் படியேறினார்கள்.

கீழே வசந்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சொல்லத் தொடங்கியதும் நிறுத்தவில்லை. ஒரு சத்திரசிகிச்சையின்போது ஒரு பெண் இறந்துவிட்டாள். டொக்டர்மேல் குற்றம் என்று யாரும் சொல்லவில்லை; விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார்கள், அவ்வளவுதான். மூன்று வாரமாக அவர் தூங்கவில்லை.

"அந்த ரூம்ல போய் உக்காந்துக்கிறார் அண்ணா. பெட்டியத் தொறக்கிறதில்ல. அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பார். யார்ட்டச் சொல்றது? சொன்னா வேலை போயிடும், லைசென்ஸ் போயிடும், பேர் போயிடும்னு பயம். சாமிக்கு வச்சத அவர் தொடமாட்டார். ஒரு ராத்திரியாவது பயமில்லாம படுக்கலாம்னுதான் சாவிய எடுத்து வச்சேன். ஆனா அவர் பாக்கெட்லயே இன்னொண்ணு…"

சட்டப்படி பார்த்தால் அந்தச் சாவியை வசந்தி தொட்டதே பிழை. அந்த வீட்டில் மூன்று வாரமாகப் பொறுப்போடு நடந்துகொண்டவரும் அவர் ஒருவர்தான். படிவத்தில் இரண்டையும் எழுத எனக்கு ஒரே கட்டம்தான் இருந்தது.

பிறகு நானும் மேலே போய் இலக்கங்களை உரக்க வாசித்தேன். டொக்டர் பத்திரத்தில் விரல் வைத்துச் சரிபார்த்தார். இரண்டு துப்பாக்கிகளையும் உறையில் இட்டோம். தோட்டாப் பெட்டிகள் மூன்றையும் எடுத்தோம். நான் பற்றுச்சீட்டு எழுதினேன். கையெழுத்திடும் முன் அவர் கீட்டிங்கைப் பார்த்து, "இது என் கோப்பில் எப்படிப் போகும்?" என்று கேட்டார்.

"உங்கள் துப்பாக்கிகளை நீங்களாகவே ஒப்படைத்தீர்கள் என்று போகும்," என்றார் கீட்டிங். "அதுதானே நடந்தது. உரிமம் இன்னும் உங்களுடையதுதான். நாங்கள் பறிக்கவில்லை. உங்கள் வைத்தியரிடம் எப்போது போகிறீர்கள்?"

"நாளைக்கு."

"யார் கூட்டிப் போகிறார்கள்?"

"என் மனைவி."

கீட்டிங் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்தார், இரவிலும் எடுக்கலாம் என்று சொன்னார். அதன் பிறகுதான் மூவரும் படியிறங்கினோம்.

திரும்பும் வழியில் நான், அவராகவே ஒப்படைத்தார் என்பது முழு உண்மையா என்று கேட்டேன். கீட்டிங் அடுத்த சிக்னலில் காரை நிறுத்தினார். பிறகு, "நீ தேடிப்பார்க்கவில்லை. மிரட்டவில்லை. கேட்டாய். அவர் தந்தார். ஒரு சுதந்திரமான மனிதனிடம் வேறு எப்படி வாங்குவது?" என்றார். சிறிது நேரம் கழித்து, "ஆனால் நீ ஆறு மணித்தியாலம் பிந்திக் கேட்டாய்" என்றும் சொன்னார். அன்று மாலை அறிக்கையில் அதையும் எழுதினேன்: முதல் வருகையில் இரண்டாவது சாவியைக் கேட்கத் தவறியது என் பிழை. அவர் அதை வெட்டச் சொல்லவில்லை. வாசித்து, கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

பின்பு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விசாரணையில் டொக்டர்மேல் பிழை காணப்படவில்லை. அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டு பெப்ரவரியில் வேலைக்குத் திரும்பினார். துப்பாக்கிகளைத் திருப்பிக் கேட்க அவருக்கு உரிமை இருந்தது. கேட்டிருந்தால் வைத்தியரின் கடிதத்தைப் பார்த்து முடிவு செய்திருப்போம். அவர் கேட்கவில்லை. ஒரு வியாபாரிக்கு விற்கச் சொல்லிவிட்டு, உரிமப் பத்திரத்தைத் தபாலில் திருப்பி அனுப்பினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கடிதத்தில் கேள்வி அனுப்பினால் போதும் என்கிறவர்கள், சாவிகள் எத்தனை என்ற கேள்விக்கு அவர் அந்த வாரம் என்ன எழுதி அனுப்பியிருப்பார் என்று யோசிக்கட்டும். 'இரண்டு, இரண்டும் என்னிடம்' என்று எழுதியிருப்பார். அது சரியான பதில்.

அன்று நான் வீடு போய்ச் சேர்ந்தபோது ஒன்பது மணி. சரியாகத் தூங்கவில்லை. துப்பாக்கி அந்த வீட்டில் இல்லை என்று தெரியும், ஆனால் மனிதர் இருந்தார். மறுநாள் வழக்கமான ட்ராமுக்கு முந்திய ட்ராமில் ஏறினேன். அலுவலகத்தில் ஒருவரும் வந்திருக்கவில்லை. கோட்டைக் கழற்றாமல், மேசை விளக்கையும் போடாமல், முதலில் சட்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். நாலு தடவை மணி அடித்தது. ஐந்தாவதில் எடுத்தார்கள்.

"ஹலோ?"

"டொக்டர், நான்தான். சும்மா எடுத்தனான்."

"இருக்கேன் சார்," என்றார். "ஒன்பது இருபதுக்கு அப்பாயின்ட்மென்ட். வசந்தி இப்பவே ரெடியாயிட்டா. நான்தான் இன்னும் ஷேவ் பண்ணணும்."

"பண்ணுங்கோ," என்றேன். வைத்துவிட்டு நாட்குறிப்பைத் திறந்து அன்றைய முதல் வரியை எழுதினேன்: ஒன்பதாம் திகதி, வியாழன், 7.05. சட்டனுக்குத் தொலைபேசி. எடுத்தவர் டொக்டர்.